ரஜா: பிச்சையா? உரிமையா?

சென்ற வாரம் பழவேற்காட்டு ஏரிக்கரைக் கிராமங்களில் பிரசாரம் செய்துகொண்டு போகையில், பசியாவரத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. வழக்கம்போல் ஜாதியைப் பற்றியும், கடவுள் பேரால் ஏழைகள் தலையில் விழுகிற செலவுகளைப் பற்றியும் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, யாருக்காவது சந்தேகமிருந்தால் தாராளமாய்க் கேட்கலாம் என்று சொன்னோம். வாலிபர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், பதில் சொன்னோம். பிறகு இறால் விற்கிற ஒரு தாய்மார் கூடையைக் காலண்டை வைத்துக்கொண்டே எழுந்து நின்று கேட்டதாவது:

"ஐயா, ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக மூணு தபா ஆபீசுக்குப் போனேன். மூணு தபாவும் 'ஆபீசர் லீவு'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. லீவு போட்டா அவருக்குச் சம்பளம் வருது. நான் ஆபீசுக்குப் போனா அன்னிக்கு எனக்கு வியாபாரம் இல்ல, அடுப்பு எரியல. சாமி இருக்குதா இல்லியான்னு நீங்க சொல்றீங்க. அது கெடக்கட்டும். ஆபீசுல ஆபீசர் இருக்காரா இல்லியான்னு வீட்ல இருந்தே தெரிஞ்சுக்க ஒரு வழி சொல்லுங்களேன்!"

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் ஊர் திரும்பி வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த அம்மாள் கேட்டது சிரிப்பதற்குரிய கேள்வியல்ல என்பது விளங்கிற்று. பசியாவரம் நீர் சூழ்ந்த ஊர். தலைமுறை தலைமுறையாய்ப் படகேறி ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய்த்தான் அவர்கள் சர்க்காரின் முகத்தைப் பார்த்து வந்தார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு காலி நாற்காலி என்பது ஒரு நாள் பட்டினி. ஆகவே இந்த வாரத் தலையங்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

அந்தக் கேள்விக்கு ஒட்டிய காரியம் ஒன்று இப்போது சர்க்காரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தமிழ்நாடு சர்க்கார் கருவூலக் கணக்குத் துறையின் மூலமாக ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் என்று ஒன்றை ஏற்படுத்தி, சுமார் 9 லட்சம் உத்தியோகஸ்தர்கள், ஆசிரியர்கள் ஆகியவர்களுடைய சம்பளக் கணக்கையும் பணிப்பதிவேட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது. அதைச் சேர்ந்த 'களஞ்சியம்' என்கிற செல்போன் செயலியில் ரஜா விண்ணப்பமும் போடலாம். ரஜா என்பது நம் தாத்தாக்கள் சொன்ன வார்த்தை. இன்றைக்கு எல்லோரும் லீவு என்கிறோம். இன்ன வகை லீவு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று குறித்து அனுப்பினால், அது மேலதிகாரிக்குப் போகிறது. அவர் சம்மதித்தால் கணக்கில் அத்தனை நாள் கழிகிறது. மத்திய சர்க்காரும் 2017 டிசம்பர் 25-ந் தேதி இதே மாதிரி ஒரு மின்னணு முறையைத் தங்கள் உத்தியோகஸ்தர்களுக்காகத் தொடங்கிற்று. பக்கத்துக் கேரளத்தில் 'ஸ்பார்க்' என்னும் பெயரால் இவ்வேலை நடக்கிறது.

இதைப் பற்றி நம் அபிப்பிராயம் என்னவென்று சில உத்தியோகத் தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். நாம் இதை வரவேற்கிறோம். ஏன் வரவேற்கிறோம் என்பதையும், எங்கே நம் வரவேற்பு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லுகிறோம்.

முதலாவதாக, ஒரு உத்தியோகஸ்தன் லீவு கேட்கும் கடிதத்தை யாராவது கவனித்துப் படித்ததுண்டா? "உயர்திரு ஐயா அவர்களின் சமூகத்துக்கு" என்று ஆரம்பித்து, "பணிவுடன்", "தாழ்மையுடன்", "கருணை கூர்ந்து" என்று நடுவில் நாலு இடத்தில் விழுந்து எழுந்து, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடியும். கோயிலில் கடவுளுக்குச் செய்கிற அர்ச்சனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே தேங்காய் உடைக்கிறார்கள், இங்கே மானத்தை உடைக்கிறார்கள். அதுதான் வித்தியாசம். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டிலிருக்க விரும்புகிறவன், அதற்காகத் தன்னைப் போன்ற இன்னொரு மனிதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று எந்த நியாயம் சொல்லுகிறது?

நியாயம் சொல்லாவிட்டாலும் விதி சொல்லுகிறது. 1922-ஆம் வருஷம் வெள்ளைக்காரன் ஏற்படுத்திய அடிப்படை விதிகளில் 67-வது விதி, ரஜாவை ஒருவன் உரிமையாகக் கேட்க முடியாது என்றும், வேலையின் அவசரத்தை முன்னிட்டு மறுக்கவும் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதிகாரிக்கு அதிகாரமுண்டு என்றும் கூறுகிறது. அதே விதிகளில் ஆசியாவுக்கு வெளியே சொந்த இடமுள்ளவர்களுக்கு, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு, விசேஷ ரஜா விதிகள். இங்கே பிறந்தவர்களுக்குச் சாதாரண ரஜா விதிகள். பிறந்த இடத்தைப் பார்த்து ஓய்வை அளந்தார்கள்! மனு பிறந்த ஜாதியைப் பார்த்து அளந்தான், துரை பிறந்த நாட்டைப் பார்த்து அளந்தான். வெள்ளைக்காரன் போனான், விசேஷ ரஜாவும் அவனோடு கப்பலேறிற்று. ஆனால் அந்த 67-வது விதியின் மனோபாவம் மாத்திரம் இன்னும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

வெள்ளமும் புயலும் வந்த நாளில் வருவாய் இலாகாக்காரன் லீவு போடக்கூடாது என்றால் நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். பொதுஜனங்களின் அவசரத்துக்காக மறுப்பது நியாயம். அதிகாரியின் கோபத்துக்காக மறுப்பதும், குலத்தைப் பார்த்து மறுப்பதும், கொடுத்ததற்குக் கூலியாகத் தன் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போடச் சொல்லுவதும் எந்த அவசரத்தில் சேர்ந்தவை?

இந்த இடத்தில்தான் மிஷின் நமக்கு உதவுகிறது. மிஷினுக்கு ஜாதி தெரியாது. விண்ணப்பம் போட்டவன் பூணூல் போட்டவனா, பறை அடித்தவன் மகனா என்று அது பார்ப்பதில்லை. "தாழ்மையுடன்" என்று எழுத அதிலே இடமில்லை. தேதி எழுதத்தான் இடமிருக்கிறது. எந்த மணிக்கு விண்ணப்பம் வந்தது, எந்த மணிக்கு உத்தரவானது என்பதும் அதில் பதிந்துவிடுகிறது. "உன் கடிதம் என் மேஜைக்கே வரவில்லையே" என்கிற பழைய பொய்யை இனிமேல் சொல்ல முடியாது.

இரண்டாவதாக, ரஜாக் கணக்கு என்பது பணக் கணக்கு. நம் மாகாணத்து நிரந்தர உத்தியோகஸ்தனுக்கு வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். ஈட்டிய விடுப்பு 30 நாள். ஈட்டிய விடுப்பை 240 நாள் வரையில் சேர்த்துவைத்து, ஓய்வு பெறும்போது பணமாக வாங்கலாம். வருஷத்தில் 15 நாளைச் சர்க்காரிடம் ஒப்படைத்துப் பணமாகப் பெறும் வசதி கொரோனாவை முன்னிட்டு 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, 2025 அக்டோபர் 1 முதல் மறுபடியும் கொடுக்கப்பட்டது. ஆகவே கணக்கில் ஒரு நாள் தவறினால் ஒரு நாள் சம்பளம் தவறுகிறது. இந்தக் கணக்கெல்லாம் இதுவரையில் எங்கே இருந்தது? குமாஸ்தாவின் பீரோவுக்குள் கரையான் வாசனையோடு இருந்தது. அவர் எழுதியதே வேதம். முப்பது வருஷம் உழைத்த ஆசிரியர் தன் கணக்கைத் தான் பார்ப்பதற்கு அந்த வேதத்தைப் படிக்கிறவரின் தயவுக்குக் காத்திருந்தார். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நாடல்லவா? கணக்கைக் கேட்டால் மாத்திரம் காட்டிவிடுவார்களா? இன்று தன் கணக்கைத் தன் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றால், அது சின்ன விஷயமல்ல. பிறர் வாயிலிருந்து கேட்டு நம்புவது பக்தி. தானே பார்த்துக் கூட்டிக் கழிப்பது பகுத்தறிவு.

மூன்றாவதாக, பெண்கள். நம் சர்க்கார் உத்தியோகத்திலுள்ள பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 2011-இல் 6 மாதமாகவும், 2016-இல் 9 மாதமாகவும், 2021 ஜூலை முதல் 12 மாதமாகவும் உயர்ந்தது. பிரசவ விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்திலும் சேர்த்துக்கொள்வது என்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவிப்பு வந்தது. இவற்றை எந்த அம்மனும் பிரசன்னமாகிக் கொடுக்கவில்லை. பெண்கள் படித்து, உத்தியோகத்துக்கு வந்து, கேட்டதனால் கிடைத்தது. ஆனாலும் தன் உடம்பின் சமாசாரத்தை ஒரு கடிதத்தில் எழுதி, அதை நாலு ஆண்பிள்ளைகள் கை மாற்றிப் படித்து, ஐந்தாவது ஆண்பிள்ளையின் மேஜைக்குப் போகும் வரையில் தலைகுனிந்து நிற்பதென்பது எந்தப் பெண்ணுக்கும் அவமானந்தான். இடையில் இருக்கும் கைகள் குறைந்தால் அவமானமும் குறையும்.

நிற்க, இதனால் எல்லாம் சரியாய்ப் போய்விட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. மிஷின் வந்ததாலேயே புத்தி வந்துவிடும் என்றால், நம் தேசம் எப்பொழுதோ உருப்பட்டிருக்கும். செல்போனிலேயே ஜாதகம் பார்க்கிறவர்கள் நாம்!

உதாரணமாக, பசியாவரத்துத் தோழர்களுக்கு நன்றாய்த் தெரிந்த சங்கதியையே எடுத்துக்கொள்வோம். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள். விடுகிற நாளில் பழவேற்காட்டு மீனவன் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். அவனுக்கு அது சம்பளமில்லாத ரஜா. அதே நாளையொட்டி ராக்கெட் செய்த விஞ்ஞானிகளில் சிலர் திருப்பதி மலை ஏறுகிறார்கள். 2019-இல் சந்திரயான் இரண்டுக்காகக் கும்பிட்டார்கள். இறங்க வேண்டிய கலம் நிலவில் மோதிப் போயிற்று. 2023-இல் சந்திரயான் மூன்றுக்காகப் பொம்மைக் கலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டார்கள். கலம் பத்திரமாய் இறங்கிற்று. இரண்டு தடவையும் சாமி ஒன்றுதான், கும்பிடும் ஒன்றுதான். பின் எது மாறிற்று? முதல் தடவை எங்கே தப்பு நடந்தது என்று நாலு வருஷம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அதுதான் மாறிற்று. ஆகவே எந்த மிஷினையும் உருப்படியாக்குவது கற்பூரமல்ல, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவதே ஆகும். இந்த ரஜா மிஷினிலும் திருத்த வேண்டிய தப்புகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுவதுதான் அதற்கு நாம் செய்யும் உபகாரம்.

முதல் தப்பு, மதம். உத்தியோகஸ்தர்கள் தங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வருஷத்தில் 3 நாள் உண்டு. வரையறுக்கப்பட்ட விடுப்பு என்று இதற்குப் பெயர்; மத விடுப்பு என்றும் வாயில் வழங்குகிறது. அதற்குச் சர்க்கார் வெளியிடுகிற பட்டியலைப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி உண்டு, வரலட்சுமி விரதம் உண்டு, சாம்பல் புதன் உண்டு, நாகூர் கந்தூரி உண்டு. அதோடு யஜுர் உபாகர்மா, காயத்ரி ஜெபம் என்று பூணூல் மாற்றிக்கொள்ளுகிற நாளுக்கும் தனித்தனி வரி உண்டு. நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பூணூல் இருக்கிறது என்று நாம் கேட்கப் போவதில்லை. ஒன்றுதான் கேட்கிறோம்: எந்த மதத்தையும் ஒப்புக்கொள்ளாத உத்தியோகஸ்தன் என்ன செய்வது? ஒன்று, அந்த நாட்களை இழக்க வேண்டும். அல்லது தான் கும்பிடாத சாமியின் பேரைச் சொல்லி வாங்க வேண்டும். உண்மை பேசுகிறவனுக்கு நஷ்டமும், பொய் சொல்லுகிறவனுக்கு லாபமும் வைத்திருப்பது மதச்சார்பற்ற சர்க்காருக்கு அழகா? ஆபீசுகளில் சாமி படங்கள் இருக்கலாகாது என்று 1968-இல் அண்ணா முதல்மந்திரியாக இருந்தபோது சுற்றறிக்கை போயிற்று. சுவரிலிருந்து இறங்கச் சொன்ன சாமியை மிஷினுக்குள் ஏற்றி உட்கார வைக்கலாமா? 'விருப்ப நாள் 3' என்று மொட்டையாய் எழுதிவிட்டால் யாருக்கு என்ன முழுகிப் போகும்? விரதம் இருக்கிறவர் அன்று விரதம் இருக்கட்டும், நோன்பு திறக்கிறவர் திறக்கட்டும், செப்டம்பர் 17-இல் பெரியார் பிறந்த நாள் கூட்டத்துக்குப் போகிறவர் போகட்டும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் போகட்டும். காரணத்தைச் சர்க்கார் கேட்க வேண்டாம்.

இரண்டாவது தப்பு, பஞ்சாங்கம். இது மிஷினில் இல்லை. அதைத் தொடுகிற விரலில் இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளையும், ரஜா முடிந்து வந்து ராகுகாலம் கழிகிற வரையில் வாசலில் நின்று வெற்றிலை போடுகிறவர்களையும் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். திங்கட்கிழமை ராகுகாலம் காலை 9 மணிக்கே முடிந்துவிடுகிறது. செவ்வாய் 3 முதல் 4½, புதன் 12 முதல் 1½, வியாழன் 1½ முதல் 3, வெள்ளி 10½ முதல் 12. ஆக ஐந்து நாள் ஆபீசில் நாலு நாள் ராகுகாலம் ஆபீசு வேளையிலேயே விழுகிறது. ஒன்றரை மணி வீதம் வாரத்துக்கு 6 மணி, வருஷத்துக்கு 312 மணி! இதற்கு எமகண்டம் சேரவில்லை, அஷ்டமி நவமி சேரவில்லை. இதை நம்புகிற அதிகாரி போடாத லீவு இது. சம்பளத்தோடு போடுகிற லீவு இது. ராகுவும் கேதுவும் சந்திரனுடைய பாதையும் சூரியன் செல்லுவதாய்த் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். புள்ளியைக் கண்டு பயந்து ஏழையின் காகிதத்தைத் தள்ளிவைப்பது எந்தப் புத்தி?

மூன்றாவது தப்பு, பதில் சொல்லாமை. முன்னெல்லாம் கடிதத்தை மேஜைக்கு அடியில் தள்ளினார்கள். இப்போது செல்போனில் 'நிலுவை' என்று வைக்கலாம். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பிள்ளையின் கல்யாணமே முடிந்துவிடும், நிலுவை முடியாது. கடவுளிடம் வேண்டிக்கொண்டால் எப்படிப் பதில் வராதோ அப்படி! மறுக்கிற அதிகாரி காரணத்தை எழுதித்தான் மறுக்க வேண்டும். இத்தனை நாளைக்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதமென்றே பொருள் என்று விதி செய்ய வேண்டும். அன்றியும், அதிகாரியின் ரகசியக் குறியைக் குமாஸ்தாவிடம் கொடுத்து "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லுவாரானால், கோயிலுக்குள் பூசாரி மறுபடியும் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

நான்காவது தப்பு, எல்லாவற்றிலும் பெரிய தப்பு. இதைப் பழவேற்காட்டுப் 'பாடு' முறையைக் கொண்டு விளக்கினால் அந்தப் பக்கத்துத் தோழர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை வைப்பது என்று சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, ஊர் நடுவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடத்துகிற ஏற்பாடு அது. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்திலேயே, சண்டையில்லாமல், பலசாலி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல், முறை என்று ஒன்றைக் கண்டுபிடித்த அந்த மீனவர்களின் அறிவை நாம் மெச்சுகிறோம். ஆனால் அந்தச் சீட்டில் யார் பேர் இருக்கலாம்? இன்ன ஜாதியில் பிறந்தவன் பேர்தான் இருக்கலாம். அதே ஏரியில் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளருக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்குள் பரம நியாயம். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றுமில்லை. ஜாதி இருக்கிற இடத்தில் நியாயமும் வேலி கட்டிக்கொண்டுதான் நிற்கும்.

இப்போது ரஜா மிஷினைப் பாருங்கள். அதற்குள் யார் பேர் இருக்கிறது? சர்க்காரின் சொந்த உத்தியோகஸ்தன் பேர். அதே ஆபீசைக் காலையில் கூட்டி, கக்கூசைக் கழுவி, வாசலில் காவல் நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் ஒப்பந்தக்காரன் மூலம் வந்தவர்கள். அவர்கள் சர்க்கார் ஆட்களே அல்லவாம். ஆகவே களஞ்சியத்தில் அவர்களுக்கு ஒரு மணி நெல்லும் இல்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதே பலருக்கு ரஜா விதி. உள்ளே நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு 12 மாதம். அந்த நாற்காலியைத் துடைக்கும் பெண்ணுக்கு, 2017-இல் திருத்திய பிரசவச் சலுகைச் சட்டப்படி 26 வாரம் என்று காகிதம் சொல்லுகிறது. ஒப்பந்தக்காரன் என்ன சொல்லுகிறான் என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். அந்த விளக்குமாற்றைப் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் எந்த ஜாதியார் என்று நாம் எழுதித்தான் தெரிய வேண்டுமா? நிரந்தர உத்தியோகத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். உங்கள் 12 நாளையும் 30 நாளையும் காப்பாற்றச் சங்கம் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். உங்கள் அறையைக் கூட்டுகிறவருக்கு ஒரு நாள் ரஜா கேட்டு உங்கள் சங்கம் என்றைக்காவது ஒரு தீர்மானம் போட்டதுண்டா?

"இந்த மிஷின் எங்களை உளவு பார்க்கிறது" என்று சில உத்தியோகத் தோழர்கள் குறை சொல்லுகிறார்கள். சொந்தச் செல்போனை வாங்கி, சொந்தக் காசில் டேட்டா போட்டு, சிக்னல் இல்லாத ஊரில் மாடிமேல் ஏறி நின்று லீவு கேட்பதா என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது குறை நியாயமானது. ஆபீசிலுள்ள கம்ப்யூட்டரிலேயே போட வசதி இருக்க வேண்டும். படுக்கையில் கிடக்கிறவனுக்காக இன்னொருவர் பதிந்துவிடவும் வழி இருக்க வேண்டும். எல்லா வார்த்தையும் தமிழில் இருக்க வேண்டும். ஆனால் முதல் குறைக்கு நாம் சொல்லும் பதில்: நீங்கள் லீவில் என்ன செய்கிறீர்கள் என்று யாரும் பார்க்க வேண்டாம், பார்த்தால் நாமும் உங்களோடு சேர்ந்து கண்டிக்கிறோம். ஆனால் நீங்கள் லீவில் இருக்கிறீர்களா என்பது மாத்திரம் ரகசியமல்ல. உங்கள் சம்பளத்தைக் கொடுக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இதுதான் பசியாவரத்து அம்மாளின் கேள்விக்கு நம்மைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. இந்த முறையில் உத்தியோகஸ்தன் லீவு போட்டால் அந்த நிமிஷமே மேலதிகாரிக்குத் தெரிகிறது. கருவூலத்துக்குத் தெரிகிறது. தெரியாதவர் யார்? எந்த ஜனங்களுக்காக அந்த நாற்காலி போடப்பட்டதோ அந்த ஜனங்களுக்குத்தான் தெரியவில்லை! மேலே இருக்கிறவனுக்குக் கணக்குச் சொல்லவும், கீழே இருக்கிறவனுக்குச் சொல்லாதிருக்கவும் பழகியவர்கள் செய்த மிஷின் வேறெப்படி இருக்கும்? 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம், உத்தியோகஸ்தர்களின் பெயர்ப் பட்டியலையும் அவர்கள் வாங்கும் சம்பளத்தையும் ஜனங்கள் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. இத்தனை ரூபாய் வாங்குகிறார் என்பதைச் சொல்லலாம், இன்றைக்கு இருக்கிறாரா என்பதைச் சொல்லக்கூடாதா? காரணம் வேண்டாம், வியாதியின் பேர் வேண்டாம். "இன்று இவர் இல்லை, இவருக்குப் பதில் இன்னார் பார்க்கிறார்" என்று ஒரே ஒரு வரி. அதைச் செல்போனில் எவரும் பார்க்கும்படி வைக்கட்டும். பழவேற்காட்டில் ஜனங்கள் கூடும் இடத்தில் ஒரு பலகையிலும் எழுதட்டும். லீவுக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட பிறகு இதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

அந்த வரியில் முக்கியமானது "பதில் இன்னார்" என்பது. மனிதன் லீவு போடுவான், போடத்தான் வேண்டும். அவனுக்கும் காய்ச்சல் வரும், அவனுக்கும் குழந்தை பிறக்கும். மனிதன் லீவு போடலாம். ஆபீசு லீவு போடக்கூடாது. ஒருவர் இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடும் என்று வைத்திருப்பது, மூலஸ்தானத்தைப் பூட்டிவிட்டால் தரிசனம் இல்லை என்கிற கோயில் புத்தி.

ஆகவே நாம் கேட்பது ஐந்து. ரஜாவை மறுத்தால் காரணம் எழுத வேண்டும், நாள் கெடு வேண்டும். பட்டியலிலிருந்து மதத்தின் பெயர் போக வேண்டும். தமிழிலும், செல்போன் இல்லாமலும் விண்ணப்பம் போட வழி வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே மிஷினில் பேரும் கணக்கும் வேண்டும். உத்தியோகஸ்தர் லீவில் இருப்பதும், பதில் பார்ப்பவர் யார் என்பதும் அன்றாடம் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஏரிக்கரைத் தோழர்களே! இவை தானாய் வரா. அடுத்த கிராமசபையில் இந்தக் கடைசிக் கோரிக்கையையாவது ஒரு தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வையுங்கள். ரேகையைக் கைக்காரனிடம் காட்டி எதிர்காலம் கேட்பதைவிட அதற்கு அதுதான் நல்ல உபயோகம். அந்த அம்மாளுக்கு நாம் அன்றே பதில் சொல்ல முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். சாமி இருக்கிறதா என்பதற்கு நம்மிடம் பதில் இருந்தது. ஆபீசர் இருக்கிறாரா என்பதற்குச் சர்க்காரிடம்தான் பதில் இருக்கிறது. அதை வாங்குகிற வரையில் கேட்டுக்கொண்டே இருப்பது உங்கள் கடமையும் நம் கடமையுமாகும்.